உறங்கிய குழந்தையும் குற்றஞ்சாட்டப்பட்ட தாயும்

வடபகுதிப் பத்திரிகைகளில் ஆண்டுக்குச் சில தடவையேனும் ஒரு சிறு செய்தி வெளிவருவதை நாம் கண்டிருக்கிறோம். இரவு பால் குடித்துவிட்டு உறங்கிய இரண்டு மாதச் சிசு, அல்லது மூன்று மாதச் சிசு, காலையில் அசைவற்றுக் கிடந்தது. வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றபோது உயிர் பிரிந்திருந்தது. பால் புரைக்கேறியதே மரணத்துக்குக் காரணமென விசாரணையில் தெரியவந்தது. நாலைந்து வரிகளிற் செய்தி முடிந்துவிடும். ஆனால் ஊரில் அது முடிவதில்லை. ‘தாய் நித்திரைத் தூக்கத்திற் பால் கொடுத்தாளாம்’ என்பார் ஒருவர். ‘ஏவறை எடுக்காமற் கிடத்திவிட்டாளாம்’ என்பார் இன்னொருவர். செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எழுந்து போவதற்குள் குழந்தையின் மரணத்துக்கு ஒரு குற்றவாளி தீர்மானிக்கப்பட்டுவிடுகிறாள். அவளோ, குடிக்க வாயில்லாத பால் மார்பிற் கட்டி நோவெடுக்க, வீட்டின் ஒரு மூலையிற் சுருண்டு கிடக்கிறாள்.

இத்தீர்ப்பு எங்கிருந்து வந்தது, எத்தனை நூற்றாண்டுப் பழமையுடையது, அதில் உண்மை எவ்வளவு என்பதை ஆராய்வதே நமது நோக்கம். மல்லாவியை நாம் எடுத்துக்கொள்கிறோம். முல்லைத்தீவு மாவட்டத்தில், மாங்குளத்திலிருந்து வெள்ளாங்குளம் செல்லும் வீதியில், துணுக்காய்க்கு அயலில் உள்ள ஊர் அது. இத்தகைய மரணம் வன்னியின் எந்தக் கிராமத்திலும் நேரலாம். உலகின் எந்த நகரத்திலும் நேரலாம். எனினும் ஒரே தலைமுறைக்குள் குழந்தைகள் பாயிலும் ஏணையிலும் பதுங்குகுழியிலும் தறப்பாளின் கீழும் மாறிமாறி உறங்க நேர்ந்த ஊர்களுள் மல்லாவி ஒன்று. குழந்தையின் உறக்கத்தைப் பற்றிப் பேசுவதற்கு அதனிலும் உரிமையுடைய இடம் எது?

வன்னியின் பழைய சரித்திரத்தில் இக்கேள்வி எழவே இல்லை என்பதை முதலிற் சொல்ல வேண்டும். 1881 ஆம் ஆண்டில் இலங்கையின் தலைமை வைத்திய அதிகாரியாக விளங்கிய கின்சி என்பவர் பறங்கி நோயைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். உலர்ந்த காட்டு மாவட்டங்களின் மக்களைப் புண்ணாலும் முடத்தாலும் வாட்டிய நோய் அது. 1895 இல் வன்னி மாவட்டங்களைப் பற்றிக் கைந்நூல் எழுதிய ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கிலேய உத்தியோகத்தர் கண்டது, தூர்ந்த குளங்களையும் மக்கள் குறைந்து அழிந்துகொண்டிருந்த கிராமங்களையுமே. குளம் தூர்ந்தால் வயல் போகும், வயல் போனால் உணவு போகும், தேங்கிய குட்டையில் நுளம்பு பெருகும், காய்ச்சல் வரும். இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியிற் கட்டுண்டு மாண்டவை குழந்தைகள்.

1935 இல், மலேரியாக் கொள்ளைநோய் நாட்டை உலுக்கிய காலத்தில், இலங்கையிற் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 263 குழந்தைகள் முதலாண்டு நிறையுமுன் இறந்தன. 1946 இல் அத்தொகை 141. அடுத்த ஆண்டிலேயே 101. டீ.டீ.ரீ. மருந்து தெளிக்கப்பட்டமையும், போர்க்கால உணவுப் பங்கீடும், பரவிவந்த சுகாதார நிலையங்களும், மருத்துவ மாதர்களும் இவ்வீழ்ச்சிக்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. எக்காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்பது பற்றி அறிஞரிடையே விவாதம் உண்டு. அதனுள் நாம் இறங்க வேண்டியதில்லை. இன்று இத்தொகை ஆயிரத்துக்குப் பத்துக்கும் கீழே வந்துவிட்டது. 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தாற் பிரகடனஞ் செய்யப்பட்டது.

ஆயிரத்துக்கு 263 குழந்தைகள் மடிந்த நாட்டில், அவற்றுள் ஒன்று காய்ச்சலின்றிப் பேதியின்றி உறக்கத்திலேயே அடங்கிவிட்டது என்பதை யார் தனியாகக் கவனித்திருக்கக் கூடும்? பதிவுகாரர் ‘இசிவு’ என்றோ ‘பலவீனம்’ என்றோ ஒரு சொல்லை எழுதிப் புத்தகத்தை மூடினார். எங்கள் வழக்கிற் பச்சைக் குழந்தையை எரிப்பதில்லை, புதைப்பதே முறை, கல் நாட்டுவதுமில்லை. தாயின் நினைவைத் தவிர அம்மரணத்துக்கு வேறு ஏடு இல்லை. பெருவெள்ளம் வடிந்த பின்னரே அடியிற் கிடக்கும் கல் தெரியும். காய்ச்சலும் பேதியும் பின்வாங்கிய பிறகுதான், காரணமின்றி நேரும் மரணமும் ஒன்று உண்டு என்பது கண்ணிற் பட்டது.

ஆயினும் நம் முன்னோர் இதனை அறவே அறியாதிருந்தனர் என்று கூறுவதும் பொருந்தாது. பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்த வகையின் முதற்பருவம் காப்பு. அது குழந்தையின் மூன்றாம் மாதத்துக்குரியது என்பர். அப்போது புலவன் தெய்வங்களையெல்லாம் அழைத்துக் குழந்தையைக் காக்குமாறு வேண்டுகிறான். ஐந்தாம் மாதத்திற் செங்கீரை. குழந்தை தலை நிமிர்த்தி ஆடும் பருவம். இன்றைய வைத்தியம் கூறுவதென்ன? உறக்கத்தில் நேரும் திடீர் மரணங்களுட் பத்தில் ஒன்பது முதல் ஆறு மாதங்களுக்குள் நிகழ்கின்றன. இரண்டாம் மாதத்துக்கும் நாலாம் மாதத்துக்கும் இடையில் அவை உச்சமடைகின்றன. குழந்தை தன் தலையைத் தானே தூக்கித் திருப்ப வல்லதானதும் அபாயம் வெகுவாகக் குறைகிறது. புலவர்கள் வைத்திய ஆராய்ச்சி செய்தார்கள் என்று பெருமை பேச நாம் முற்படவில்லை. அத்தகைய பெருமை நம் நாட்டில் ஏற்கெனவே மலிந்து கிடக்கிறது. மூன்றாம் மாதம் அச்சத்துக்குரிய மாதம் என்பதைத் தாய்மார் அறிந்திருந்தனர். அந்த அச்சம் இலக்கியத்திலும் ஏறியது என்று கொள்வதே போதும்.

அந்த அச்சத்துக்குக் கிராமம் பல பெயர்களை இட்டது. பட்சிதோஷம், நாவூறு, மாந்தம், கிரந்தி எனப் பாட்டிமார் அடுக்குவர். அந்திக் கருக்கலிற் குழந்தையை முற்றத்துக்குக் கொண்டுவரலாகாது. தலைமாட்டில் ஓர் இரும்புத் துண்டு இருக்க வேண்டும். கன்னத்திற் கறுத்தப் பொட்டு வேண்டும். ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று பெயர் பெற்ற வசம்பு வீட்டில் இருக்க வேண்டும். இவை மூடநம்பிக்கைகள் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பறந்துபோன பறவையின் நிழல்மீது பழியைப் போட்ட பாட்டி, அந்த அளவிலாவது தாயை விடுவித்தாள். மாந்தத்துக்குத் தாய் உண்ட உணவே காரணமென்ற மறுகணமே அவளை மீண்டும் கூண்டில் ஏற்றினாள் என்பதும் உண்மைதான். எனினும் படித்த உலகம் தாய்க்கு அவ்வளவு சலுகைகூடக் காட்டவில்லை. அவ்வுலகின் கதையை இனிப் பார்ப்போம்.

விவிலியத்தில் சாலொமோன் மன்னனின் தீர்ப்பைப் பலரும் அறிவர். இரு பெண்கள் ஒரு குழந்தைக்கு உரிமை கொண்டாடுகின்றனர். வாளைக் கொண்டுவரச் சொன்ன மன்னனின் மதிநுட்பத்தை எல்லோரும் வியப்பர். வழக்கின் தொடக்கத்தை எவரும் நினைப்பதில்லை. இரவில் ஒருத்தி தன் குழந்தைமேற் புரண்டு படுத்ததால் அது இறந்தது என்பதே அத்தொடக்கம். அதைக் கூறுபவள் எதிர்வழக்காடும் பெண். அந்த மரணத்தை எவரும் பார்க்கவில்லை. எனினும் காரணம் உறுதியாகிவிட்டது. மத்திய கால ஐரோப்பாவில் திருச்சபை, குழந்தைமேற் புரண்டு கொன்றதாகக் கருதப்பட்ட தாய்க்குப் பாவப்பரிகாரம் விதித்தது. இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் வளைவான மரச் சட்டகம் ஒன்றைச் செய்து, குழந்தையை அதன் கீழே கிடத்தித் தாய் பக்கத்திற் படுத்துப் பாலூட்டும் வழக்கம் இருந்தது. பழியையும் மரணத்தையும் ஒருங்கே தடுக்கத் தச்சன் கண்ட உபாயம் அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சபையின் இடத்திற் பொலிஸ் வந்து அமர்ந்தது. 1892 இல் ஸ்கொத்லாந்தின் டண்டி நகரில் பொலிஸ் வைத்தியராயிருந்த சார்ள்ஸ் டெம்பிள்மன், உறக்கத்தில் மூச்சடைத்து இறந்ததாகக் கருதப்பட்ட 258 சிசுக்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். சனிக்கிழமை இரவுகளில் இம்மரணங்கள் மிகுதி என்று அவர் கண்டார். தாயின் அறியாமையும் கவலையீனமும், மதுப்பழக்கமும், ஒரே அறையிற் குடும்பம் முழுவதும் அடைந்து கிடக்கும் நெருக்கமும் அவர் கூறிய காரணங்களுட் சில.

டண்டி நகரம் எது என்பதை நாம் சற்று நினைவுகூர வேண்டும். வங்காளத்துக் குடியானவன் விளைத்த சணலை நூற்றுச் சாக்காக நெய்து உலகெங்கும் அனுப்பிய நகரம் அது. ஆலைகளில் உழைத்தோரிற் பெரும்பகுதியினர் பெண்கள். நாள் முழுதும் சணல் தூசியில் நின்று, ஓர் அறையே வீடாகக் கொண்டு, ஒரு கட்டிலிற் கணவனோடும் பிள்ளைகளோடும் படுத்த பெண்ணின் குழந்தை இறந்தபோது, வைத்தியர் அவளது அறியாமையை முதலிற் கண்டார். அறையின் அளவைப் பின்னர் கண்டார். அந்த அறைக்கு வாடகை வாங்கியவனையும் அவளுக்குக் கூலி கொடுத்தவனையும் அவர் காணவேயில்லை. 1908 ஆம் ஆண்டின் பிரித்தானியச் சிறுவர் சட்டம், மதுவெறியோடு படுத்தவர் பக்கத்திற் குழந்தை மூச்சடைத்து இறந்தால் அதனைக் குற்றமான புறக்கணிப்பு என விதித்தது. மது அருந்தியவர் பக்கத்திற் குழந்தையைக் கிடத்துவது அபாயம் என்பது இன்றைய ஆராய்ச்சியும் ஒப்புக்கொள்ளும் உண்மைதான். கசிப்பு காய்ச்சப்படும் ஊர்களில் இதனை உரக்கச் சொல்லவும் வேண்டும். ஆனால் சட்டத்துக்குச் சிக்கிய காரணம் அது ஒன்றுதான். நெருக்கமான அறையைக் குற்றவாளியாக்க எந்தச் சட்டமும் எழுதப்படவில்லை.

தனித் தொட்டிலில் உறங்கிய செல்வர் வீட்டுக் குழந்தையும் சில வேளை இறந்ததே, அதற்கு என்ன சொல்வது? இங்கேதான் வைத்திய சாத்திரத்தின் மிக விசித்திரமான அத்தியாயம் ஒன்று தொடங்குகிறது. 1889 இல் வியன்னா நகரத்து வைத்தியர் பால்தவுப், இவ்வாறு இறந்த குழந்தைகளின் மார்பில் உள்ள தைமஸ் என்னும் சுரப்பி அளவுக்கு மீறிப் பருத்திருக்கிறது என்றார். அச்சுரப்பி மூச்சுக்குழலை நெரிக்கிறது என்ற கருத்தும், அதனை உடையோர் பிறவியிலேயே வலுவற்றோர் என்ற கருத்தும் பரவின. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், சுகமாயிருந்த குழந்தைகளின் கழுத்திலும் மார்பிலும் எக்ஸ் கதிர் பாய்ச்சி அச்சுரப்பியைச் சுருக்கினார்கள். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் இச்சிகிச்சை பெற்றன. 1950 அளவில், அக்குழந்தைகளுட் சிலருக்குக் கழுத்துச் சுரப்பியிற் புற்றுநோய் தோன்றுவது தெரியவந்தது.

சுரப்பி உண்மையிற் பருத்திருந்ததா? இல்லை. அதுதான் இயற்கையான அளவு. ‘இயற்கை அளவு’ என்று பாடநூல்கள் கூறிய சிறிய சுரப்பியே பிழையானது. ஏனெனில் உடற்கூற்று மாணவர் அறுத்துப் பார்த்த பிணங்கள் யாருடையவை? 1832 ஆம் ஆண்டின் உடற்கூற்றுச் சட்டம், ஏழையர் விடுதியில் இறந்து உரிமை கோருவாரற்ற உடல்களை வைத்தியக் கல்லூரிகளுக்கு வழங்கியது. பட்டினியும் நீண்ட நோயும் தைமஸ் சுரப்பியைச் சுருங்கச் செய்யும். வறியோரின் வதங்கிய உடலை அளந்து, அதனையே மனிதனின் இலக்கணமென எழுதிவைத்தார்கள். பிறகு நன்றாக உண்டு வளர்ந்த குழந்தையின் நலமான சுரப்பியை நோய் என்றார்கள். ஒரு சமுதாயம் தன் ஏழைகளுக்குச் செய்த அநீதி, சுற்றி வந்து அதன் செல்வர் வீட்டுக் குழந்தைகளையும் தீண்டியதற்கு இதனிலும் தெளிவான உதாரணத்தை நாம் அறியோம். 1931 இல் பிரித்தானியாவில் நடந்த ஒரு விசாரணை, அப்படியொரு நோய் உண்டென்பதற்கு ஆதாரமில்லை என்று கூறியது. கதிர் சிகிச்சை அதன் பின்னரும் பல ஆண்டுகள் நடந்தது.

அடுத்த பிழை இதனிலும் பெரிது. 1944 இல் நியூயோர்க் நகரில் ஆபிரம்சன் என்ற வைத்தியர், உறக்கத்தில் மாண்ட குழந்தைகளுட் பெரும்பகுதி குப்புறக் கிடந்த நிலையிற் காணப்பட்டன என்பதைக் கணக்கிட்டு வெளியிட்டார். அதனை வேறு சிலர் மறுத்தனர். செய்தி மங்கிப் போயிற்று. 1946 இல் டாக்டர் பெஞ்சமின் ஸ்பொக் எழுதிய குழந்தை வளர்ப்பு நூல் கோடிக்கணக்கிற் பரவியது. 1950 களின் பிற்பகுதிப் பதிப்புகளில் அவர், குழந்தையை மல்லாந்து கிடத்தினால் கக்கிய பால் தொண்டையில் அடைக்கலாம், ஆகவே குப்புறக் கிடத்துவதே நன்று என்றார். நல்ல மனிதர்; போரை எதிர்த்தவர்; தாய்மாரை அன்போடு நடத்த வேண்டும் என்றவர். அவர் கூறிய காரணம் கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. ஆயினும் அதற்கு எந்த ஆராய்ச்சியும் ஆதாரமாக இல்லை.

மேலை நாடுகளில் ஆஸ்பத்திரிகளும் தாதியரும் இவ்வழக்கத்தைப் பரப்பினர். மரணங்கள் ஏறின. 1969 இல் சியாற்றில் நகரில் கூடிய வைத்தியர் மாநாட்டில் இதற்கெனத் தனிப் பெயரும் சூட்டப்பட்டது: சிசுத் திடீர் மரணம். 2005 இல் வெளிவந்த ஓர் ஆய்வு பழைய கணக்குகளையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்தது. குப்புறக் கிடத்துவது ஆபத்து என்பதை 1970 அளவிலேயே அறிந்திருக்கலாம். அறிந்து சொல்லியிருந்தால் பிரித்தானியாவில் மட்டும் 10,000 க்கு மேற்பட்ட குழந்தைகளும், ஐரோப்பா, அமெரிக்கா, அவுஸ்திரேலியப் பகுதிகளில் மொத்தமாகக் குறைந்தது 50,000 குழந்தைகளும் பிழைத்திருக்கக் கூடும் என்பது அதன் முடிவு.

விடை எங்கிருந்து வந்தது என்பது நமக்குச் சுவையான விஷயம். 1985 இல் டேவிஸ் என்ற வைத்தியர், ஹொங்கொங் நகரில் இம்மரணம் ஏன் இத்துணை அரிது என்று கேட்டார். மக்கள் நெருங்கி வாழும் நகரம். டெம்பிள்மனின் தர்க்கப்படி அங்கே குழந்தைகள் கூட்டங்கூட்டமாக மடிந்திருக்க வேண்டும். அங்குள்ள தாய்மார் வழிவழியாகக் குழந்தையை மல்லாந்தே கிடத்தினர். பிரித்தானியாவில் வாழ்ந்த ஆசியக் குடும்பங்களிலும் இம்மரணம் வெள்ளையர் குடும்பங்களிலும் பார்க்கக் குறைவாகவே காணப்பட்டது. அக்குடும்பங்களிற் குழந்தை தனியறையில் உறங்குவதில்லை. தாய்மார் பெரும்பாலும் புகைப்பதில்லை. 1987 இல் ஒல்லாந்தும், 1991 இல் நியூசீலாந்தும் பிரித்தானியாவும், 1994 இல் அமெரிக்காவும் ‘குழந்தையை மல்லாந்து கிடத்துங்கள்’ என்று நாடு முழுதும் பிரசாரஞ் செய்தன. மருந்தில்லை, கருவியில்லை, செலவில்லை. சில ஆண்டுகளுக்குள் மரணங்கள் பாதியாகவும் அதற்குக் கீழாகவும் வீழ்ந்தன.

ஆனாற் பழி சுமத்தும் பழக்கம் அவ்வளவு விரைவில் வீழவில்லை. பிரித்தானியாவில் சலி கிளார்க் என்ற தாயின் இரு குழந்தைகள் 1996 இலும் 1998 இலும் இறந்தன. ஒரே வீட்டில் இப்படி இரண்டு மரணம் இயற்கையாக நேர்வது 7 கோடி 30 இலட்சத்தில் ஒன்று என்று புகழ்பெற்ற ஒரு குழந்தை வைத்திய நிபுணர் நீதிமன்றத்திற் கூறினார். 1999 இல் அவளுக்கு ஆயுட்தண்டனை. ஒரே குடும்பத்தின் இரு குழந்தைகளைச் சம்பந்தமற்ற இரு நாணயச் சுண்டல்களைப்போற் கருதிப் பெருக்கியது கணிதப் பிழை என்று அந்நாட்டுப் புள்ளிவிபரச் சங்கம் வெளிப்படையாகக் கண்டித்தது. 2003 இல் விடுதலையானாள். 2007 இல் இறந்தாள். அவுஸ்திரேலியாவில் நான்கு குழந்தைகளை இழந்த கத்லீன் ஃபொல்பிக் 2003 இற் குற்றவாளியாகக் காணப்பட்டு இருபது ஆண்டுகள் சிறையிருந்தாள். அவளிடமும் அவளுடைய இரு பெண் குழந்தைகளிடமும் இருதயத் துடிப்பைக் குலைக்கக்கூடிய பரம்பரை மாற்றம் ஒன்று இருந்ததை விஞ்ஞானிகள் காட்டிய பின்னர், 2023 இல் மன்னிப்பு வழங்கப்பட்டு, அவ்வாண்டு இறுதியில் தீர்ப்பும் இரத்தாயிற்று. மல்லாவிச் செத்தவீட்டில் அரைமணியிற் கூறப்படும் தீர்ப்பும் சாட்சியமற்ற இவ்வகைத் தீர்ப்பே.

இனி மல்லாவிக்கு வருவோம். 1996 இல் கிளிநொச்சி இராணுவத்தின் வசமானபோது மக்கள் மல்லாவி, துணுக்காய், அக்கராயன் பகுதிகளில் வந்து குவிந்தனர். மரத்தின் கீழும், பாடசாலை மண்டபத்திலும், ஓலைக் கொட்டிலிலும் குழந்தைகள் பிறந்தன. இங்கே ஏணையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அப்பாற் செல்ல இயலாது. தாயின் பழஞ்சேலையை வளையிலோ மரக்கிளையிலோ கட்டித் தொங்கவிடும் இத்தூளியைப் பார்த்து, மேலை நாட்டு நூலைப் படித்தவர் முகஞ்சுளிக்கலாம். வன்னியின் இரவை அவர் அறியார். கட்டுவிரியன் நிலத்திற் படுத்து உறங்குவோரைக் கடிப்பது. கடித்த நோவும் பெரிதாகத் தெரியாது. விடியுமுன் மூச்சு நின்றுவிடும். மட்டத்தேள், எறும்பு, மாரிகாலத்து ஈரத்தரை என்று நிலத்துக்குரிய அபாயங்கள் பல. இவற்றிலிருந்து குழந்தையை ஒரு முழம் உயர்த்திவைத்தது ஏணை. காற்றும் அதனூடு புகும்.

எனினும் ஏணையின் குறையையும் மறைக்கலாகாது. முதல் மாதங்களிற் குழந்தையின் கழுத்துக்கு வலுவில்லை. வளைந்த துணியில் உடல் சுருண்டு, நாடி மார்பில் முட்டினால் ஒடுங்கிய மூச்சுக்குழல் அடைபடலாம். குறைமாதக் குழந்தைக்கு இது மேலும் ஆபத்து. அமெரிக்காவில் நவநாகரிகமாக விற்பனையான சாய்தொட்டில்கள் 2019 இல் குழந்தை மரணங்களின் காரணமாகத் திரும்பப் பெறப்பட்டன. 2022 இல் சட்டமே அவற்றைத் தடை செய்தது. அங்கே இயந்திரத்தாற் செய்த பிழையும் இங்கே சேலையாற் செய்த பிழையும் ஒன்றுதான். பகலிற் கண் பார்வையில் ஆட்டிவிட்டு, நீண்ட உறக்கத்துக்குத் தட்டையான, உறுதியான படுக்கையில் மல்லாந்து கிடத்தி நுளம்பு வலை கவிழ்ப்பதே தக்கது.

2008 செப்டெம்பரில் மல்லாவியும் இராணுவத்தின் வசமாயிற்று. அதற்கு முன்னரே மக்கள் கிழக்கு நோக்கி நடந்துவிட்டனர். கிளிநொச்சி, தருமபுரம், புதுக்குடியிருப்பு, இறுதியில் முள்ளிவாய்க்கால். பதுங்குகுழியில் மண் சரிந்தும், ஷெல் வீழ்ந்தும், பாலின்றியும் மாண்ட குழந்தைகளுள், உறக்கத்திற் காரணமின்றி அடங்கியது எது என்று கேட்பது கொடுமையாகத் தோன்றும். ஒரு வகையில் 1935 ஆம் ஆண்டே திரும்பி வந்தது. 2009 இல் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வவுனியா மாவட்டத்து முகாம்களில், பெரும்பாலோர் செட்டிகுளம் மெனிக் பாமில், தறப்பாள் கூடாரங்களின் வெக்கையில் அடைக்கப்பட்டனர். துணுக்காய்ப் பகுதியினர் அவ்வாண்டின் பிற்பகுதியிலிருந்து திரும்பத் தொடங்கினர். திரும்பியோர் முதலிற் கண்டது கூரையற்ற வீட்டையே. பிறகு தகரக் கொட்டில். பல ஆண்டுகளின் பின் கல்வீடு.

அதே 2008 இல் வேறொரு பீதியும் நாட்டைப் பிடித்தது. அவ்வாண்டு தொடக்கத்தில் ஐந்து நோய்களுக்கு எதிரான கூட்டுத் தடுப்பூசி இலங்கையில் அறிமுகமாயிற்று. ஊசி போட்ட பின் சில சிசுக்கள் இறந்தமையால் ஏப்ரில் இறுதியில் அது நிறுத்தப்பட்டது. நிபுணர் குழு ஆராய்ந்து, ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பு இருக்கும் வாய்ப்புக் குறைவு என்றது; 2010 இல் மீண்டும் வழங்கப்பட்டது. பெற்றோரின் அச்சத்தை நாம் ஏளனஞ் செய்யமாட்டோம். இரண்டாம் மாதமும் நாலாம் மாதமும் ஊசிக்குரிய மாதங்கள். திடீர் மரணம் மிகுதியாக நேரும் மாதங்களும் அவைதாம். ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தால் முன்னது பின்னதன் காரணம் என்று மனம் முடிச்சுப் போடும். பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகளை ஒப்பிட்ட ஆராய்ச்சிகள், ஊசி பெற்ற குழந்தைகளிடையே இம்மரணம் மிகுதியன்று, குறைவே என்று காட்டுகின்றன. ஆனால் நிறுத்தியபோது பெரிய எழுத்திலும், மீண்டும் வழங்கியபோது சிறிய எழுத்திலும் செய்தி வருமாயின் மக்கள் எதை நினைவில் வைப்பர்?

இன்று அபாயம் வேறு வடிவத்தில் வருகிறது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு வரும் உறவினர் கொண்டுவருவது, பூப்போட்ட உறையில் மெத்தையும் தலையணையும் இருபக்க அணைகளும் சேர்ந்த குழந்தைப் படுக்கை. தவணைக்கு வாங்கிய ஸ்பொஞ்ச் மெத்தையில் அது விரிக்கப்படும். வன்னி வெயிலில், தகரத்தின் கீழ், குழந்தைக்குக் கம்பளித் தொப்பி, காலுறை, மேலே போர்வை. பாட்டியின் பாய் வறுமையின் அடையாளமாக ஒதுக்கப்படுகிறது. மூன்று மாதக் குழந்தையின் முகம் தலையணையிற் புதைந்தால் அதனைத் திருப்பும் வலு அதற்கில்லை. தலை மூடப்பட்டால் உடற்சூடு வெளியேற வழியில்லை. பாயின் மேல் விரித்த ஒரு துணி, தலையணையற்ற படுக்கை, கைக்கெட்டும் தூரத்தில் தாய், தாய்ப்பால், சுருட்டும் சிகரெட்டும் புகையாத அறை: வைத்திய நிபுணர்கள் ஐம்பது ஆண்டு அலைந்து கண்ட முடிவு ஏறக்குறைய இதுதான். இதிற் கடையிலே விற்பதற்கு ஒன்றுமில்லை என்பதே இதன் குறை போலும்!

‘பால் புரைக்கேறியது’ என்ற வாக்கியத்தையும் சோதிக்க வேண்டும். இறக்கும் தறுவாயிலும் இறந்த பின்னரும் வயிற்றிலுள்ள பால் மேலேறித் தொண்டைக்கு வருவது சாதாரணம். ஆகவே மூச்சுக்குழலிற் பால் காணப்படுவது மட்டும் காரணத்தை நிறுவாது. மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழல் உணவுக்குழலுக்கு மேலே இருப்பதால், கக்கிய பால் அதற்குள் ஏறுவது அரிது. குழந்தைகள் மல்லாந்து உறங்கத் தொடங்கிய நாடுகளில் புரையேறி மாண்டோர் தொகை கூடவுமில்லை. ஸ்பொக்கின் பழைய அச்சமே நமது மரண விசாரணைகளில் இன்றும் ஒலிக்கிறது.

பிரித்தானியாவில், சலி கிளார்க் முதலியோருக்கு நேர்ந்த அநியாயத்தின் பின், 2004 இல் ஹெலனா கென்னடி தலைமையிலான குழு புதிய நடைமுறையை வகுத்தது. குழந்தை இறந்த வீட்டுக்குப் பொலிஸ் மட்டும் போவதில்லை. குழந்தை வைத்தியரும் போகிறார். குழந்தை எங்கே கிடந்தது, எப்பக்கம் திரும்பியிருந்தது, என்ன போர்த்தியிருந்தது, அறையில் வெப்பம் எவ்வளவு, முந்திய நாள் தடிமன் இருந்ததா என்று பெற்றோரோடு அமர்ந்து கேட்கின்றனர். பிரேத பரிசோதனையின் முடிவையும் பெற்றோருக்கு விளக்குகின்றனர். எல்லாம் பார்த்த பின்னும் காரணம் தெரியாதிருந்தால், ‘தெரியவில்லை’ என்றே எழுதுகின்றனர். நமது திடீர் மரண விசாரணைத் தாளிலும் அச்சொல்லுக்கு இடம் வேண்டும். வீட்டை நன்கறிந்தவள் குடும்பநல மாது. கர்ப்பகாலம் முதல் அவள் அவ்வீட்டுக்கு வந்து போகிறாள். குழந்தையின் நிறையைப் பதிவேட்டிற் குறித்தவள் அவள். அத்தகைய மரணத்தின்பின் அவளை எவரும் விசாரிப்பதில்லை. மீண்டும் அவ்வீட்டுக்குப் போகும்படி எவரும் பணிப்பதுமில்லை.

அவள் தானாகவே போவதுண்டு. வளையில் ஏணை அப்படியே தொங்கும். அதனை அவிழ்க்க வீட்டில் எவருக்கும் கை வருவதில்லை. தேநீர் வைத்துக் கொடுத்துவிட்டுத் தாய் எதிரே அமர்வாள். சற்று நேரம் குழந்தையைப் பற்றி ஒன்றும் பேசமாட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்பாள்: “மிஸ்ஸி, நான் ஏதும் பிழை விட்டிட்டனோ?”